குடியிருப்புக்குத் தொழில் தளை வேண்டுமா?

(ஊராட்சிச் செயலர்களுக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் மகளிர் குழுப் பிரதிநிதிகளுக்கும் விருத்தாசலத்தில் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டு வசதியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் செங்கல், சிமெண்டு, கம்பி, தவணைத் தொகை ஆகியவற்றோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். இவை யாவும் முக்கியமானவையே. ஆயினும் சுவர் எழும்புவதற்கு முன் மனை வேண்டும். மனைக்கு உரிமை வேண்டும். அந்த உரிமையை ஒருவர் செய்யும் தொழிலோடு சேர்த்துக் கட்டிவைக்கலாமா, கட்டிய முடிச்சை எவ்வாறு அவிழ்ப்பது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். ஏட்டளவில் இது சிறு கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஏழைக் குடும்பங்கள் பல இரவில் கவலையின்றிக் கண்ணயர்வது இந்தக் கேள்விக்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே இருக்கிறது.

பழைய ஏற்பாடு

முன்னாளில் நிலமுடையவர் தம் பண்ணையில் உழைப்போருக்கு நிலத்தின் ஒரு மூலையில் குடிசை போட்டுக்கொள்ள இடம் கொடுப்பது வழக்கம். அதற்கு வாடகை கிடையாது, பத்திரமும் கிடையாது. வேலை உள்ளவரையில் இடம் உண்டு. கூலி போதாது என்று வாய் திறந்தால் வேலையோடு இடமும் போய்விடும். குடிசையைப் பிரித்துக் கட்டிக்கொண்டு போகலாம். நட்டு வளர்த்த முருங்கையையும் முன்னோர் வாழ்ந்த மண்ணையும் கட்டிக்கொண்டு போக முடியுமா? எனவே பலர் வாய் திறவாமலே வாழ்ந்து மறைந்தனர்.

இந்த நிலைமை அரசின் கவனத்துக்கு நேற்று வந்ததன்று. செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்பவர் 1891-ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையிலேயே, சேரி மக்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கு உரிமையாக இல்லாமையால் விளையும் கேட்டை எடுத்துரைத்திருக்கிறார். நாடு விடுதலை பெற்ற பின்னர், 1952-ல் தஞ்சை மாவட்டத்துக் குத்தகைதாரரையும் பண்ணையாட்களையும் காக்க ஒரு சட்டம் வந்தது. 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்படாமல் வேளாண் மக்களைக் காக்கும் சட்டம் மாநிலத்தில் இயற்றப்பட்டது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள், கூலி உயர்வுப் பூசலின் முடிவில், கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான கொடுமையை நாடறியும். உழைப்பவனுக்குக் கூலி மட்டுமன்றிக் காலூன்ற ஒரு பிடி மண்ணும் வேண்டும் என்பதை அக்காலத்து நிகழ்ச்சிகள் அனைவருக்கும் உணர்த்தின.

அடுத்து வந்ததே 1971-ஆம் ஆண்டின் குடியிருப்பு உரிமை வழங்கும் சட்டம். 1971 ஜூன் 19-ஆம் நாளன்று, பிறருடைய நிலத்தில் குத்தகைதாரராகவோ அனுமதி பெற்றவராகவோ குடியிருந்த வேளாளர், வேளாண் தொழிலாளர் ஆகியோருக்கு அவர்கள் குடியிருந்த மனையை இச்சட்டம் உரிமையாக்கியது. வீடு நிற்கும் இடம் மட்டுமன்று. அந்த வீட்டை வசதியாக அனுபவிப்பதற்குத் தேவையான சுற்றிடமும் குடியிருப்பில் அடங்கும். ஏழைக்கு வீட்டைக் காலி செய்யாமல் இருக்கப் பாதுகாப்பு அளிப்பது ஒரு படி. அந்த மனைக்கே அவனை உடையவன் ஆக்குவது அதற்கு மேற்பட்ட படி. 1961-லிருந்து 1971-க்குள் நம் மாநிலம் இந்த இரண்டாவது படியையும் ஏறிவிட்டது.

வேலியின் பயன்

இங்கே ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். சட்டம் 'குடியிருப்போர் யாவரும்' என்று கூறவில்லை. வேளாண்மையில் ஈடுபட்டோரையே குறிப்பிட்டது. அன்றைய நிலையில் அது நியாயமான வேலியே. வேலி இல்லையேல், தோட்டத்தில் கொட்டகை போட்டிருந்த வசதி படைத்தவரும் உரிமை கோரியிருப்பர். எவன் உழைப்பினால் நிலம் விளைந்ததோ அவனுக்கே முதலில் மனை என்பது அறத்துக்கும் பொருந்துவது.

ஆனால் வேலி பயிரைக் காக்க இட்டது. பயிரையே மூடிவிட இட்டதன்று. சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் ஊரும் உழைப்பும் மாறியிருக்கின்றன. அந்த மாற்றத்தைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பீங்கான் நகரும் சுற்றுப்புற ஊர்களும்

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலால் பெயர் பெற்ற விருத்தாசலம், இன்று பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றிருக்கிறது. இப்பகுதியில் கிடைக்கும் களிமண் இத்தொழிலுக்கு அடிப்படை. பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இந்நகரில் அமைந்தன. அகல் விளக்கு, பொம்மை, மின்கம்பிக்கான பீங்கான் காப்பி முதலியவை இங்குள்ள சூளைகளில் வெந்து ஊர் ஊராகச் செல்கின்றன. களிமண் குழம்பை அச்சில் ஊற்றவும், உலர்ந்ததைத் துடைத்துச் சீர் செய்யவும், மெருகுப் பூச்சுப் பூசவும், சூளையில் அடுக்கவும் கைகள் வேண்டும். அக்கைகளில் பல சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தே வருகின்றன.

அதே கிராமங்களில் நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் முந்திரியும் விளைகின்றன. வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் விருத்தாசலத்திலிருந்து நிலக்கடலையிலும் முந்திரியிலும் புது இரகங்களை வெளியிட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே இந்த வட்டாரத்தில் வயலும் சூளையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கடலை பிடுங்கும் காலத்தில் வயலுக்குப் போகும் பெண், மற்ற மாதங்களில் பொம்மைக்கு வண்ணம் தீட்டப் போகிறாள். இவள் வேளாண் தொழிலாளியா, பீங்கான் தொழிலாளியா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பார் ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்பவரை முதன்மை உழைப்பாளர் என்றும் மற்றவரைக் குறுவினை உழைப்பாளர் என்றும் பிரிக்கின்றனர். கணக்கெடுப்புக்கு அந்தப் பிரிவு போதும். ஒரு குடும்பத்தின் கூரையை அந்த ஆறு மாதக் கணக்கின்மேல் நிறுத்துதல் தகுமா என்பதே நம் கேள்வி.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்தார். 1971-க்கு முன்பே தோட்டத்தின் ஓரத்தில் குடிசை போட்டு வாழ்ந்தார். அவர் பெயருக்குப் பட்டா மாற்றம் நடைபெறவே இல்லை. இப்போது அவர் இல்லை. மகன் சூளையில் வேலை பார்க்கிறான். மருமகள் அச்சில் குழம்பு ஊற்றுகிறாள். வயதான தாய் வீட்டில் இருக்கிறார். நிலம் கைமாறுகிறது. புதிதாக வாங்கியவர், "உன் தகப்பன் பண்ணை வேலை செய்தான், இருந்தான். உனக்கும் இந்த நிலத்துக்கும் என்ன உறவு? ஒரு மாதத்தில் காலி செய்" என்கிறார். மகன் அலுவலகத்துக்கு ஓடிவருகிறான். அங்கே அவனிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதாக இருந்தால், அவன் உண்மையைச் சொன்ன மாத்திரத்தில் அவனுடைய மனு வலுவிழந்து போகிறது.

கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. சட்டம் ஒரு நாளைக் குறித்து, அந்நாளில் யார் இருந்தார் என்றே கேட்கிறது. 1971 ஜூன் 19-ல் தந்தை வேளாண் தொழிலாளராக அம்மனையில் குடியிருந்தார் என்பது மெய்ப்பிக்கப்படுமானால், உரிமை அன்றே அவருக்குப் பிறந்துவிட்டது. பிறந்த உரிமை வாரிசுக்கு இறங்கும். மகன் சூளைக்குப் போனதால் அது திரும்பிப் போவதில்லை. இதை நாமும் உணர்ந்து, மக்களுக்கும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

பிற இடங்களின் அனுபவம்

இத்தகைய சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டத்துக்குப் பின், விளைநிலங்களின் நடுவில் புதிதாக வீடு கட்ட எளிதில் அனுமதி தருவதில்லை. பண்ணை வேலைக்கு இன்றியமையாதது என்று காட்டினால் அனுமதி உண்டு. ஆனால் அவ்வீட்டில் வேளாண்மையிலோ காட்டுத் தொழிலிலோ ஈடுபட்டவரே வசிக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பர். அந்த நிபந்தனையிலும் ஈரம் உண்டு. இப்போது வேலை செய்பவர் மட்டுமன்றி, கடைசியாக அவ்வேலை செய்து ஓய்ந்தவரும், அவர் இறந்தபின் துணையை இழந்த மனைவியோ கணவரோ, அவரைச் சார்ந்தோரும் வசிக்கலாம். பண்ணைத் தொழில் சுருங்கிய பிறகு, நிபந்தனையை நீக்குமாறு வீட்டுக்காரர் விண்ணப்பிக்கின்றனர். அவ்விதம் விண்ணப்பிப்பவர், நிபந்தனைக்கு ஏற்பக் குறைந்த விலையில் வீட்டை விற்பனைக்கு வைத்தும் வேளாண் தொழிலாளர் எவரும் வாங்க வரவில்லை என்று காட்டவேண்டும். தேவை இருக்கிறதா என்று பார்த்த பின்னரே தளையை அவிழ்க்கின்றனர். முதலாளி கொடுத்த வீட்டில் வாழும் பண்ணைத் தொழிலாளருக்கு 1976-ல் தனிச் சட்டத்தின் மூலம் பாதுகாப்பும் அளித்தனர்.

அண்டை மாநிலமாகிய கேரளம் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே 1969-ல் திருத்தப்பட்டு 1970 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்வோருக்கு, ஊராட்சிப் பகுதியாயின் 10 சென்ட் வரையில் விலை கொடுத்து வாங்கும் உரிமையை வழங்கிற்று. அவ்வுரிமைக்கு உரியவரைத் தீர்மானிக்க அவர்கள் தொழிலை அளவுகோலாகக் கொள்ளவில்லை. வீடு கட்டிக்கொள்ள வேறு இடம் இல்லாதவரா என்பதையே அளவுகோலாகக் கொண்டனர். தென்னந்தோப்பில் வேலை செய்தவரும் கயிறு திரித்தவரும் ஒரே வாசல் வழியே நுழைய முடிந்தது. இந்த அளவுகோல் நம் சிந்தனைக்கு உரியது.

தளையை அவிழ்க்காமலே விட்டால் என்ன நேரும் என்பதற்கு மலைத்தோட்டங்கள் சான்று. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் கடமையைத் தோட்ட முதலாளியிடம் ஒப்படைத்தது. வேலை உள்ளவரையில் அது பெரும் நன்மை. ஆனால் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில், 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தின் வேலை 2024-ல் முடிவுக்கு வந்தபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் தங்களுக்கென ஒரு பிடி மனையும் இல்லாமல் மலையை விட்டு இறங்கும் நிலைக்கு ஆளாயின. இலங்கையின் மலையகத்தில் நம் இனத்தவர் படும் இன்னலும் இதுவே. தோட்டத்து லயன் அறை தோட்ட வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனாலும், கூரையைக் காப்பதற்காக வீட்டில் ஒருவரேனும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. அங்கே 7 பேர்ச் காணியும் தனி வீடும் உரிமைப் பத்திரமும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 7 பேர்ச் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ நாலேகால் சென்ட். இத்துணைச் சிறிய இடத்துக்காக ஒரு பெண் தன் மகளையும் கூடை சுமக்க அனுப்ப நேர்ந்ததென்றால், தொழிலோடு கட்டிய வீட்டின் உண்மையான வாடகை என்ன என்பது விளங்கும்.

இரண்டு அச்சங்கள்

முடிச்சை அவிழ்க்கலாம் என்றதும் இரண்டு அச்சங்கள் எழும். அவற்றைத் தள்ளிவிடலாகாது.

முதலாவது, நிலமுடையோரின் அச்சம். "சூளைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் மனை என்றால், நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் கிடைப்பது எப்படி?" என்பர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் உழைப்பாளரில் ஏறத்தாழ 96 இலட்சம் பேர் வேளாண் தொழிலாளராகப் பதிவு செய்யப்பட்டனர். வயலுக்கு ஆட்கள் இன்றியமையாதவர்களே. ஆனால் அவர்களை வயலுக்கு அழைக்க வேண்டியது நல்ல கூலியும் மரியாதையும். வீட்டைப் பறித்துவிடுவோம் என்ற அச்சுறுத்தலன்று. சொந்த மனை உடையவர் ஊரைவிட்டுப் போக விரும்பமாட்டார். ஊரில் இருப்பவரே கடலை பிடுங்கும் நாளில் வயலுக்கு வருவர். வீட்டைப் பிடுங்கினால் சூளைக்கும் ஆள் இல்லை, வயலுக்கும் ஆள் இல்லை; குடும்பம் திருப்பூருக்கோ சென்னைக்கோ பேருந்து ஏறிவிடும்.

இரண்டாவது அச்சம் இதனினும் வலுவானது. தளை முழுவதும் நீங்கினால், பணம் படைத்தவர் ஏழையின் மனையை அற்ப விலைக்கு வாங்கிவிடுவர் என்பதே அது. நகரத்தை ஒட்டிய ஊர்களில் மனை விலை ஏறிக்கொண்டிருக்கும் நாளில் இது வீண் அச்சமன்று. ஆகவே எந்தத் தளையை நீக்குவது, எதனைக் காப்பது என்று பிரித்தறிய வேண்டும். 'வேளாண் தொழில் செய்பவரே குடியிருக்கலாம்' என்பது தொழில் தளை, அது நீங்கட்டும். 'வேறு வீடோ மனையோ இல்லாதவர்க்கே இந்த மனை, குறித்த காலம் வரை விற்றல் கூடாது' என்பது குடியிருப்புத் தளை, அது நிலைக்கட்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட நிலங்களைக் காக்கும் விதிகளையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. அவ்விதிகளில் கை வைக்க இங்கே எவரும் கேட்கவில்லை.

இவ்வாறு வாசலை அகலத் திறந்து, உள்ளே எளியவரின் பங்கையும் காப்பது இயலாத காரியமன்று. நம் துறையிலேயே முன்மாதிரி உண்டு. 1985-86-ல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே இருந்தது. 1993-94 முதல் ஏனைய ஊரக ஏழைகளுக்கும் விரிக்கப்பட்டது. ஆயினும் நூற்றுக்கு 60 பங்கு ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கே என்ற ஒதுக்கீடு காக்கப்பட்டது. 2016-ல் அதன் இடத்தில் வந்த பிரதம மந்திரி குடியிருப்புத் திட்டத்திலும் இந்த நெறி தொடர்ந்தது.

நாம் செய்ய வேண்டுவன

பட்டா வழங்குவது வருவாய்த் துறையின் பணி. வீடு கட்ட உதவுவது ஊரக வளர்ச்சித் துறையின் பணி. இந்த இரு அலுவலகங்களுக்கும் இடையிலுள்ள திண்ணையில்தான் நாம் கூறும் குடும்பங்கள் காத்துக்கிடக்கின்றன. 2024-25-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடொன்றுக்கு 3.50 இலட்சம் ரூபாய் வழங்கி 360 சதுர அடியில் வீடு கட்ட ஏற்பாடு செய்யப்பட்டது. இத்தகைய திட்டம் எதுவாயினும், குடிசை நிற்கும் மண் குடிசைக்காரர் பெயரில் இருந்தால்தான் அதன் பயன் அவரை எட்டும். மிகுந்த தேவை உடையவர், பட்டா இல்லாத ஒரே காரணத்தால் பட்டியலின் வெளியே நிற்கிறார்.

எனவே நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வோர் ஊராட்சியிலும் தனியார் நிலத்தில் பட்டா இன்றிக் குடியிருக்கும் குடும்பங்களின் பட்டியலைத் தயார் செய்யுங்கள். அதில் முதற் பத்தியில் எழுத வேண்டுவது தொழில் அன்று. எந்த ஆண்டிலிருந்து குடியிருக்கின்றனர் என்பதே.

இரண்டு, 1971-க்கு முற்பட்ட குடும்பங்களுக்குச் சான்று திரட்ட உதவுங்கள். 1971 மார்ச்சில் பொதுத் தேர்தல் நடந்தது. அக்காலத்து வாக்காளர் பட்டியல் ஒரு சான்று. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, வீட்டு வரி இரசீது ஆகியவையும் பயன்படும். அக்கம்பக்கத்து முதியோரின் வாக்குமூலம் இன்னொரு சான்று. இதில் காலம் தாழ்த்த இடமில்லை. அன்று 25 வயது இளைஞராய் இருந்தவர் இன்று எண்பதை ஒட்டிய முதியவர். அவர் கண் மூடினால் ஒரு குடும்பத்தின் சான்றும் உடன் மூடிவிடும்.

மூன்று, 1971-க்குப் பின் குடியேறியோரைக் கைவிடாதீர்கள். அவர்களுக்கு அந்தச் சட்டம் உதவாது. ஆனால் நத்தத்திலோ வேறு அரசு நிலத்திலோ மனை ஒதுக்கும்போது, 'இவர் சூளைக்காரர், வேளாண் தொழிலாளர் அல்லர்' என்று அவர்களை ஒதுக்கிவிடலாகாது. வேறு இடம் உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு எழுதுங்கள்.

நான்கு, மனை எதுவாயினும் வீட்டுப் பெண்ணின் பெயர் அதில் இடம்பெறப் பாடுபடுங்கள். வேலைக்காகக் கணவன் எங்கே போனாலும், பிள்ளைகளோடு கூரையின் கீழ் இருப்பவள் அவளே. இதனை மகளிர் குழுக்கள் தங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

நண்பர்களே, தாய்மார்களே! 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, தங்குமிடம் பெறுவது வாழும் உரிமையின் ஒரு கூறு என்று கூறியது. உயிர் வாழும் உரிமைக்கு உழவர், குயவர் என்ற வேற்றுமை இல்லையன்றோ? நிலத்தை உழுதவனுக்கு மனை தந்தது அன்றைய தலைமுறையின் அறம். அந்த உழவன் மகன் அதே மண்ணைக் குழைத்து விளக்காக்கும்போது அவன் காலடியிலுள்ள மனையை உறுதி செய்வது நம் தலைமுறையின் கடமை. இனி நம் முன் வரும் மனு எதுவாயினும், கூலி எங்கே வாங்குகிறாய் என்று கேட்பதற்கு முன்னால், உன் அடுப்பு எங்கே எரிகிறது என்று கேட்போமாக. அந்தப் பட்டியலை அடுத்த கூட்டத்துக்குள் முடித்துக்கொண்டு வருமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.